சீரகம் போட்ட இந்தோனேசியா

பிளசன்டன் ஊர் வெயில் வீட்டுப் பின்பக்க மர டெக்கில் சுள்ளென்று அடிக்கிறது. என் பழைய காட்டன் புடவையில் இந்தோனேசியாவின் பட்டிக்காட்டு மாவட்டம் ஒன்று, தாலுகா தாலுகாவாக, வடாம் மாதிரி காய்கிறது. மகள் தென்றலுக்கு ஸ்கூலில் கொடுத்த மாவு மேப் ப்ராஜெக்ட். நாளைக்குக் கொண்டுபோயாக வேண்டும். மைதாவில் உப்புப் போட்டுப் பிசையச் சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சபரி அரிசி மாவைக் கிளறி, வடாம் போடும் கைப்பழக்கத்தில் சீரகத்தையும் போட்டுவிட்டார். மலைச்சரிவெல்லாம் சீரகம். "டாட், ஒய் இஸ் தேர் ஜீரா இன் இந்தோனேசியா?" என்கிறாள் தென்றல். "காடுன்னு சொல்லிரு கண்ணு," என்கிறார், வெட்கமே இல்லாமல். அதற்குள் வேலியிலிருந்து குதித்த அணில் ஒன்று கடலோரத் தாலுகாவை அப்படியே கவ்விக்கொண்டு ஓடுகிறது. நான் வீசிய செருப்பு, அணிலை விட்டுவிட்டு, மேற்கு எல்லையை நொறுக்குகிறது. "பாத்து வீசக் கூடாதா?" என்று என்னையே கேட்கிறார் இந்த மனுஷன். தென்றல் அழவில்லை. நீலப் பெயின்ட்டைத் திறந்து, மேப்பை ஒட்டப்போகிற அட்டையில் அணில் கொண்டுபோன தாலுகாவுக்கு விட்டிருந்த இடம் முழுக்கக் கடலைப் பூசுகிறாள். கடலையே பார்த்திராத மலைத் தாலுகாவின் காலடிக்கு அலை வந்துவிடுகிறது. "நௌ தே ஹேவ் அ பீச், மா," என்கிறாள், அப்பனைப் போலவே வெட்கமே இல்லாமல்.