பாதியில் நின்ற கல்யாணம்

“மறுபடியும் பாதியில நின்னுடுச்சு!”

கல்யாண வீடியோ ஸ்டுடியோ முதலாளி தன் அறையிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். எடிட்டரின் கம்ப்யூட்டரிலிருந்து அவருடைய கம்ப்யூட்டருக்கு வீடியோ போக வேண்டும். சின்ன ஃபைல் ஓடிவிடும். ஒரு மணி நேரம் பிடிக்கும் முழுக் கல்யாணம் மட்டும் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடுவழியில் படுத்துவிடும்.

“இந்தம்மா இங்க உக்காந்து சினிமா பார்க்குது, லைன் அடைச்சுக்குது. நாளைக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்!” பெரிய மோதிரம் போட்ட விரலை எடிட்டர் பக்கம் நீட்டினார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் உள்ளே நுழைந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் அவர் புது ஒயர் மாட்டி, முதலாளியின் கம்ப்யூட்டர் முன்னாலேயே மவுஸை உருட்டியபடி இருந்து பார்த்தபோது, முழுக் கல்யாணமும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்ததே!

“நீங்க கூடவே இருந்தீங்களா சார்?”

“கண்ணு கொட்டாம பார்த்துக்கிட்டே இருந்தேன்யா!”

மெக்கானிக் உள்ளே போய் முதலாளியின் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“கோளாறு ஒண்ணுமில்ல சார். அரை மணி நேரம் யாரும் தொடலைன்னா, உங்க கம்ப்யூட்டர் தானா தூங்கிடற மாதிரி செட் பண்ணியிருக்கு.”

எடிட்டர் மெல்ல நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தாள்.

அவருடைய இடது கன்னத்தில் மோதிரத்தின் அச்சு வட்டமாகச் சிவந்திருந்தது.