வளரும் மாத்திரை

காலை ஏழு மணிக்குச் சுவரிலிருந்த மருந்துப்பெட்டி ரத்த அழுத்த மாத்திரையை அச்சிட்டுத் தள்ளியது. மரகதவல்லி அதைத் தொடவே பயந்தாள். போன வாரம் மருந்தோடு கலக்கும் மாவைப் பெட்டி சொல்லாமல் மாற்றியதில், அது ஒவ்வாமல் அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சடைத்துவிட்டது. விழுங்காமலும் இருக்க முடியாது; அழுத்தம் நூற்றெண்பது.

“ஏனுங்க, இன்னிக்கு என்ன மாவுன்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். மருந்து பேரை மட்டுந்தான் சொல்லுது,” என்றார் கணவர் தனபால்.

ஒரு வாரமாகச் செய்வதுபோல மாத்திரையில் ஒரு துணுக்கைக் கிள்ளி உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வீங்குகிறதா? நெஞ்சு படபடவென்று அடித்தது. அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த அளவுப்பட்டை அதை அளந்து பெட்டிக்குச் சொன்னது.

“அழுத்தம் கூடியுள்ளது. அளவு உயர்த்தப்படுகிறது,” என்றது பெட்டி.

முதலாவதைவிடப் பெரிய மாத்திரை வந்து விழுந்தது. அப்போதுதான் உதடு அரிக்கத் தொடங்கியது.