ஐம்பத்திரண்டு விநாடி

கண்டத்து விளையாட்டுப் போட்டி இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. மாலை வெயிலில், தங்கம் வென்ற ஒரு குட்டி நாட்டின் பாட்டுக்கு அரங்கமே எழுந்து நிற்கிறது. கம்பத்தடியில் தெருவிளக்குப் பழுதுபார்ப்பவர் கொடிக்கயிற்றை ஒரே சீராக இழுக்கிறார். எந்த நாடு வென்றாலும் ஐம்பத்திரண்டு விநாடிக்கு வெட்டிய நாட்டுப் பாட்டு முடியும்போது கொடி உச்சியைத் தொட வேண்டும் என்று மூன்று வாரம் பழகிய கை அது. மடிப்பு அவிழ்ந்து கொடி காற்றில் விரிகிறது. பக்கத்தில் விறைத்து நிற்கும் மச்சினன் உதடு அசையாமல் கேட்கிறான். “மச்சான், பச்சைதானே மேல வரணும்?” அவர் அண்ணாந்து பார்க்கிறார். பச்சை கீழே இருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் சற்றுமுன் மாட்டினார். “இறக்கிடலாமா?” “பாட்டு ஓடுறப்ப கயிறு நிக்கக் கூடாதுடா.” உள்ளங்கை வேர்வையில் கயிறு வழுக்குகிறது, கையோ பழகின வேகத்திலேயே இழுத்துக்கொண்டிருக்கிறது. மேடையில் அந்தக் குட்டி நாட்டு ஓட்டக்காரி நெஞ்சில் கை வைத்து, கண்ணீர் வழிய அண்ணாந்து பார்க்கிறாள். அவள் நாட்டுக்கும் இதுதான் முதல் தங்கம். பாட்டு முடியவும் கொடி உச்சியைத் தொடவும் சரியாக இருக்கிறது. ஊரே கை தட்டுகிறது. அவள் தலை மட்டும் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்கிறது.