மருமகள் காய்ச்சிய பீர்

கிறிஸ்துமஸ் வைன் ஊறும் ஜாடிக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஜாடி இருப்பதை மாமனார் ஞானசிகாமணி அன்று காலைதான் பார்த்தார். வாய்த்துணியை அவிழ்த்து மோந்தவர், "என்னம்மா இது?" என்றார். "பீர், மாமா. பார்லியை முளைகட்டி நானே காய்ச்சினேன். இதுதான் முதல் தடவை," என்றாள் மருமகள் ஷெரின். "சபைக்காரங்க வந்துபோற வீடா இது, சாராயக்கடையா?" என்று அவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் குழாயடிக்கு நடந்தார். ஷெரின் விடாமல் கூடவே போனாள். "அப்போ வைன் மட்டும் என்ன மாமா?" "வைன் வேற. பாஸ்டரே ஆசையா வாங்கிக் குடிப்பார்." "ரெண்டும் ஒரே ஈஸ்ட்தான். மாமி டப்பாவிலிருந்துதான் எடுத்தேன்." அவர் ஜாடியைச் சாய்த்தார். அப்போது மாமியார் ரத்னபாய் தன் வைன் ஜாடியைத் தரையோடு இழுத்துவந்து அவர் காலடியில் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. "முதல்ல இதைக் கொட்டுங்க. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இந்த வீட்டுல சாராயம் காய்ச்சுறவ நான்தான். அவ நேத்து வந்தவ." "உனக்கென்ன பைத்தியமா?" என்றார் அவர். மாமி நகரவில்லை. அவர் கையிலிருந்த பீர் ஜாடியைக் கவிழ்க்கவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை. நுரை மட்டும் பொங்கி விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. ஷெரின் உள்ளே போய் இரண்டு டம்ளர் எடுத்துவந்தாள். ஒன்றை மாமியின் கையில் கொடுத்துவிட்டு, மற்றதை ஜாடியின் வாய்க்குக் கீழே நீட்டினாள்.

"ஊத்துங்க மாமா."