ஒரு கன்ட்ரோலர், இரண்டு கட்டைவிரல்கள்

பகல் மூன்று மணி. டயாலிசிஸ் அறையின் ஜன்னல் வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்து கிடக்கிறது. கட்டிலில் படுத்திருக்கும் வெல்டர், ஊசி ஏறியிருக்கும் இடது கையை அசைக்கக் கூடாது. வலது கையால் வீடியோ கேம் கன்ட்ரோலரின் ஒரு பாதியைப் பிடித்திருக்கிறார். மறுபாதி, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப்போட்டு உட்கார்ந்திருக்கும் மனைவியின் கையில். தையல் மிஷினைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாதவள். திரையில் தெரியும் குட்டி வீரனை நடக்க வைப்பது அவள் கட்டைவிரல், குதிக்க வைப்பது அவருடையது. ஆட்டத்திலிருக்கும் செயற்கை நுண்ணறிவு வழிகாட்டி, ஆள் புதிது என்று புரிந்துகொண்டு, அவள் காதிலுள்ள இயர்போனில் மெல்லச் சொல்லிக்கொடுக்கிறது: "கொஞ்சம் இடது பக்கம். அவசரமே இல்ல. இப்ப நேரா போங்க." தொங்குபாலத்தில் தள்ளாடிய வீரன் ஆற்றில் விழுகிறான். "ஐயோ, என்னாலதான்." "சேச்சே, நான்தான் லேட்டா அமுக்கினேன்" என்று அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். ஆறாவது தடவை, குரல் சொல்வதற்கு முன்பே அவள் விரல் திரும்புகிறது. குரலும் பேசாமல் இருந்துவிடுகிறது. அவர் திரையை விட்டுவிட்டு அவளையே பார்க்கிறார். "என்னையே என்ன பாக்கறீங்க? குதிங்க!" டயாலிசிஸின் நான்கு மணி நேரம் முடிந்து, ஊசியைக் கழற்ற நர்ஸ் வந்து நிற்கிறாள். "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று எப்போதும் நர்ஸைத் துளைத்தெடுக்கிறவர், இன்று நிமிராமலே சொல்கிறார்: "கொஞ்சம் இரும்மா. பாலத்த தாண்டிடறோம்."