ஆர்டித் வான்ஸுக்குக் காய்ச்சல்

"அவள உள்ள விடாத நெட்டி! அந்த சூப்புல என்னத்தக் கலந்திருக்காளோ!"

போர்வைக்குள்ளிருந்து ஆர்டித் வான்ஸ் கட்டளையிட்டாள். காய்ச்சல் நூற்றிரண்டு. தொண்டையும் கட்டியிருந்தது. ஆனாலும் அந்தக் குரல் நாடகக் கொட்டகைகள் நிறைந்த நாற்பத்தைந்தாம் தெருவின் எதிர்ச்சாரி வரை போயிருக்கும். தண்ணீர் கேட்டால்கூட, கொட்டகை மாடியில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தாகம் எடுக்கும்படி கேட்பதுதான் அவள் வழக்கம்.

"கோழி சூப்புதான் மேடம். கோழி மட்டுந்தான் செத்திருக்கு," என்றாள் நெட்டி.

நெட்டி, ஆர்டித்துக்கு உடை மாட்டிவிடுபவள். நாடகம் மாறும், ஊர் மாறும், கணவர்களும் மாறியிருக்கிறார்கள், நெட்டி மாறவில்லை. முதுகுப் பக்கம் கொக்கி போடுகிறவளுக்கு உண்மையான இடுப்பளவு தெரியும். அதனால் அவள் வாய்க்கு மட்டும் ஆர்டித் தடை போடுவதில்லை.

ஒப்பனை அறைக் கதவில் மேடை நிர்வாகி வாலஸின் தலை தெரிந்தது.

"மிஸ் வான்ஸ், திரை தூக்க அரை மணிதான் இருக்கு. முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. நிகழ்ச்சிப் புத்தகத்துல சீட்டு வைக்கணும். உங்களுக்கு முடியாதப்ப நடிக்கன்னு வச்சிருக்கற கார்லா வேஷம் கட்டித் தயாரா இருக்கா."

'இன்று ஆர்டித் வான்ஸுக்குப் பதிலாகக் கார்லா பெனடெட்டி.' இப்படியொரு சீட்டைத் தன் வாழ்நாளில் எந்தப் புத்தகத்திலும் செருக விட்டதில்லை என்பதுதான் ஆர்டித்தின் பெருமை. அதிலும் இன்று விருதுக் குழு வந்து முன்வரிசையில் உட்காரப் போகிறது.

"யோசிச்சுச் சொல்றேன், போ," என்று அவனை விரட்டினாள். பிறகு நெட்டியிடம் பொருமினாள்.

"தயாராத்தான் இருப்பா! வேலைக்கு வந்து ஒரு மாசம் ஆகல. தினம் சாயங்காலம் 'தொண்டை எப்படி இருக்கு? ராத்திரி தூங்கினீங்களா?' கழுகு மாட்டை நலம் விசாரிக்கிற மாதிரி!"

"நேத்து உங்களக் கையப் புடிச்சுப் படியில இறக்கி விட்டாளே."

"எந்தப் படியில தள்ளலாம்னு நோட்டம் பாத்திருப்பா. டெலிவிஷன்ல நர்ஸா வர்றவ, நெட்டி! மத்தியானத் தொடர்ல, ரெண்டு சோப்புத்தூள் விளம்பரத்துக்கு நடுவுல நாடி புடிக்கிறவ. அவ என் வேஷத்துலயா? மேடைங்கிறது கோயில். நானெல்லாம் செத்தாலும் அந்தப் பெட்டிக்குள்ள தலைகாட்ட மாட்டேன்."

"அவங்களும் கூப்பிடல, மேடம்."

அதற்குள் கதவு திறந்தது. கார்லா நின்றாள். கல்யாணப்பெண் உடை. பவுடருக்கு மேலேயும் முகம் வெளுத்திருந்தது. ஒரு கையில் சூப்புக் கிண்ணம். இன்னொரு கை இறுக மூடியிருந்தது.

"மிஸ் வான்ஸ், கொஞ்சம் குடிங்க. எங்கம்மா வச்சது. குடிச்சா எழுந்திருச்சிடுவீங்க. கை கால் எதுக்கும் ஒண்ணும் ஆகாம, நல்லபடியா மேடைக்குப் போயிட்டு வாங்க."

நெட்டியே சீப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

மேடையேறப் போகிறவளைப் பார்த்து 'காலை உடைச்சுக்கோ' என்பதுதான் அந்தத் தெருவில் ஆசீர்வாதம். 'நல்லபடியாகப் போய் வா' என்பது சவப்பெட்டிக்கு அளவெடுப்பதற்குச் சமம்.

"கேட்டியா நெட்டி? மூஞ்சிக்கு நேராவே சாபம்!"

"ஐயோ, நான் அப்படி நெனச்சு..." கார்லா கிண்ணத்தை வைத்துவிட்டு நடைவழிக்கு ஓடினாள். அங்கே விளக்கடியில் நின்று, மூடிய கையை நெஞ்சோடு வைத்து, கண்ணையும் மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் வேகவேகமாக அசைந்தன.

"பாரு, பாரு! என் வசனத்த ஒப்பிச்சுப் பாக்கறா!"

நெட்டி சீப்பை எடுத்து ஊதினாள். "நீங்க படுத்துக்குங்க மேடம். அந்தப் பொண்ணும் ஒரு நாள் நடிச்சிட்டுப் போகட்டும். கல்யாணப்பொண்ணு வேஷம். வயசுக்கும் பொருத்தமாத்தான் இருக்கும்."

போர்வை பறந்து போய் நாற்காலியில் விழுந்தது.

"கொக்கியப் போடு!"

போகிற போக்கில் சூப்பையும் ஒரே மூச்சில் குடித்தாள். "விஷமாவே இருக்கட்டும். மேடையில விழுந்து சாவேன். விருதுக்காரங்க பாக்கட்டும்."

நடைவழியில் கார்லாவைக் கடக்கும்போது நின்றாள். முகவாயை உயர்த்தினாள்.

"வீட்டுக்குப் போய் யாருக்காவது நாடி புடி, குழந்தே. இன்னிக்கி உனக்கு இங்க வேலையில்ல."

கார்லா ஓவென்று அழுதுவிட்டாள். அந்த அழுகை ஆர்டித்துக்கு மருந்தாக இறங்கியது. ராணி மாதிரி மேடைக்குள் நடந்தாள். கைதட்டல் கூரையை முட்டியது.

நெட்டிக்கு மனசு கேட்கவில்லை. கார்லாவின் தோளைத் தொட்டாள்.

"அழாதம்மா. நான்தான் வாயக் குடுத்து அவங்கள உசுப்பிவிட்டுட்டேன். உனக்கும் ஒரு நாள் வரும்."

"வரவே வேணாம் அக்கா!" கார்லா கண்ணைத் துடைத்தாள். மூடியிருந்த கையைத் திறந்து, வியர்வையில் நனைந்திருந்த ஜெபமாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "'அந்தம்மா ஒரு நாளும் படுக்க மாட்டாங்க, நீ சும்மா உக்காந்திருந்தா போதும்'னு சொல்லித்தானே என்னச் சேத்தாங்க? அந்த நர்ஸ் வசனத்தப் படிக்கவே பொழுது பத்தல. ஒத்திகைன்னு கூப்பிட்டப்பல்லாம் படப்பிடிப்புன்னு தப்பிச்சுட்டேன்..."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நெட்டியின் காதருகே குனிந்தாள்.

"ஆமா, இந்த நாடகத்துல கடைசியில சாகறது நானா, எம்புருஷனா?"