அலையாத்திக் காவல்

கடல் ஊருக்குள் ஏறாமலிருக்கப் பெண்கள் சேற்றில் இறங்கி நட்ட அலையாத்திக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. ஆடுமாடு மேயாமல் அவற்றைக் காப்பது, புயலில் மகளைப் பறிகொடுத்த குருசம்மாளின் பொறுப்பு. மழை பொய்த்த அந்த வருடம் எங்கும் பச்சை இல்லை. பக்கத்து வீட்டுப் பவுனு, எலும்பும் தோலுமான ஆட்டோடு வேலியருகே வந்து நின்றாள்.

“ஒரு கை தழை மட்டும்க்கா. புள்ளைக்குப் பால் குடுக்குறது இது ஒண்ணுதான்.”

“போயிரு பவுனு. உன்ன விட்டா ஊரே வரும்.”

பவுனு போகவில்லை. அவள் இடுப்பிலிருந்த குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் விரலைச் சப்பியது. குருசம்மாள் படலைத் திறந்துவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் ஆடுகளெல்லாம் உள்ளே நின்றன. யாரை மட்டும் அவள் தடுப்பாள்?

“மறுபடி துளிர்க்கும்லக்கா?” என்றாள் பவுனு.

“துளிர்க்கும்” என்ற குருசம்மாள், மொட்டைக் குச்சிகளுக்கிடையே ஏறிவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.